ஃபார்மட் போடும் முன் டம்ப் ஃபைலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்டோஸ் திடீரென்று நின்று நீலத்திரை அடிக்கடி வருகிறது என்று கேட்ட வாசகருக்கு உங்கள் கணினிப் பக்கத்தில் "ஃபார்மட் செய்துவிடுங்கள்" என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். தயவுசெய்து இனி அப்படி எழுதாதீர்கள். என் மைத்துனரின் அச்சகத்தில் அதே யோசனைக்கு இரண்டு முறை காசு கொடுத்தும் மெஷின் வாரத்துக்கு மூன்று தடவை நின்றது.

மூன்றாவது முறை நானே போனேன். திரையில் டிபிசி வாட்ச்டாக் வயலேஷன் (DPC_WATCHDOG_VIOLATION) என்ற பிழைச் செய்தி. மெஷின் நிற்கும்போது மெமரியில் இருந்ததை விண்டோஸ் எழுதிவைக்கும் ஃபைல்தான் டம்ப் ஃபைல். விண்டோஸ் ஃபோல்டரில் மெமரி.டிஎம்பி (MEMORY.DMP) என்ற பெயரில் இருந்த அதை என் லேப்டாப்புக்கு எடுத்து, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விண்டிபக் (WinDbg) என்ற பிழை ஆராயும் மென்பொருளில் திறந்து, ஆச்சரியக்குறியோடு பிசிஆர் (!pcr) என்று அடித்து, கூடவே கோரின் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) எண்ணையும் கொடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கோருக்கும் விண்டோஸ் தனியாக ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது, மெஷின் நின்ற நொடியில் அதில் என்ன இருந்ததோ அதைத்தான் இந்தக் கமாண்ட் காட்டுகிறது: இப்போது ஓடும் த்ரெட் (புரோகிராமின் ஒரு வேலை ஓட்டம்), அடுத்து ஓட வேண்டியது, வேறு வேலை இல்லாதபோது ஓடும் ஐடில் த்ரெட், கீழே தள்ளிவைத்த வேலைகளுக்கான டிபிசி வரிசை. ஓடும் த்ரெட்டின் முகவரியும் ஐடில் த்ரெட்டின் முகவரியும் ஒன்றாக இருந்தால் அந்த கோருக்கு அப்போது வேலை இல்லை என்று பொருள்.

நான்கு கோரிலும் இந்த இரண்டு முகவரிகளும் ஒன்றாகவே இருந்தன! வேலையே இல்லாத மெஷின் ஏன் நின்றது என்று முதலில் எனக்கும் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது, டிபிசி என்பது டிரைவர் (வைஃபை போன்ற ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்) "கொஞ்சம் கழித்துச் செய்கிறேன்" என்று தள்ளிவைக்கும் வேலை, அதற்கென்று தனி த்ரெட் கிடையாது, எது ஓடிக்கொண்டிருக்கிறதோ அதை நிறுத்திவிட்டு நடுவில் ஓடும், ஐடில் த்ரெட்டாக இருந்தாலும் சரி. ஒவ்வொரு கோராக மாறி, கே (k) என்று அடித்து ஸ்டாக்கை, அதாவது எதற்கு மேல் எது ஓடியது என்று காட்டும் அடுக்கைப் பார்த்தேன். 2-ஆம் எண் கோரில் ஐடில் லூப்புக்கு மேலே வைஃபை டிரைவரின் பெயர் உட்கார்ந்திருந்தது. 100 மைக்ரோ செகண்டுக்குள் முடிய வேண்டிய வேலையை அது விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஃபார்மட் போட்டவர்கள் இரண்டு முறையும் அதே பென் டிரைவிலிருந்து அதே பழைய டிரைவரைத்தான் திரும்ப ஏற்றியிருக்கிறார்கள், பிறகு எப்படிச் சரியாகும்? புது டிரைவர் போட்டு நான்கு மாதம் ஆகிறது, ஒரு தடவைகூட நிற்கவில்லை.

எல்லோரும் விண்டிபக் கற்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் ஃபார்மட்டுக்கு முன் அந்த ஃபைலை வேறு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள், அடுத்த முறை மெஷின் நின்றால் பழையது அழிந்து அதன் மேல் புதியது எழுதப்பட்டுவிடும் என்று இரண்டு வரி போடுங்கள். மெமரியில் இருந்த சொந்தத் தகவல்களும் அதில் இருக்கலாம், முன்பின் தெரியாதவர்களிடம் கொடுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்