ஆறாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு இரண்டாம் பருவக் கடிதம்

அரசு மேல்நிலைப் பள்ளி
08.10.2025

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் முடிந்து பள்ளி திறந்துவிட்டது. இரண்டாம் பருவப் பாடநூல்களைக் கொடுத்துவிட்டோம். அட்டை போட்டுப் பெயர் எழுதி அனுப்புங்கள். குறுவட்டப் போட்டிகளில் நம் கபடி, கோ-கோ அணிகள் நன்றாக ஆடின. கலைத் திருவிழாவில் பல பிள்ளைகள் மேடையேறினார்கள். எல்லோருக்கும் பாராட்டுகள். குடிநீர்க் குழாய்களும் சரிசெய்யப்பட்டுவிட்டன.

இந்தக் கடிதம் எழுதக் காரணம் வேறு. ஆறாம் வகுப்பில் கணிசமான பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வருகிறார்கள்.

உங்கள் பிள்ளை சென்ற ஆண்டு வரை படித்த தொடக்கப் பள்ளியில் காலை உணவு கிடைத்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. இங்கே மதியச் சத்துணவு மட்டும்தான். ஜூன் மாதக் கூட்டத்தில் இதைச் சொன்னோம். ஆனாலும் பல வீடுகளில் ‘பள்ளியில் சாப்பிட்டுக்கொள்வான்’ என்ற பழைய கணக்கே ஓடுகிறது. தொடக்கப் பள்ளி தெருமுனையில் இருந்தது. இப்போது 8.05 பேருந்தைப் பிடிக்க வேண்டும். அந்த அவசரத்தில் முதலில் விடுபடுவது சாப்பாடு.

இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளைக்கு அடுத்த சோறு மறுநாள் மதியம் 12.40க்கு. இடையில் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். காலை வணக்கக் கூட்டத்தில் வெயிலில் நிற்கும்போது மயங்கி விழுவதும், இரண்டாம் பாடவேளையில் ‘தலை வலிக்குது, வீட்டுக்குப் போறேன்’ என்பதும் பெரும்பாலும் இதனால்தான். ஐந்தாம் வகுப்பில் நாள் முழுவதும் ஓர் ஆசிரியர் முகம் பார்த்தே பிள்ளையின் பசியைக் கண்டுகொள்வார். இங்கே பாடத்துக்கு ஓர் ஆசிரியர், மணியடித்தால் மாறிவிடுவார். பசியில் துவண்ட பிள்ளை கவனமில்லாத பிள்ளையாகத் தெரிந்துவிடும் ஆபத்து உண்டு. பெண் பிள்ளைகள் சிலர் கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரும் குடிப்பதில்லை. அது மயக்கத்தை இன்னும் சீக்கிரம் கொண்டுவரும்.

இன்னொன்று. வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுக்கிறோம். காலையிலிருந்து காய்ந்த வயிற்றில் நாலு வாய் சோறு மட்டும் தின்றுவிட்டு விழுங்கினால் குமட்டும், வாந்தி வரும். பிறகு ‘மாத்திரை ஒத்துக்கலை’ என்று வீட்டில் நிறுத்திவிடுகிறீர்கள். பல நேரம் குறை மாத்திரையில் இல்லை.

பெரிதாக எதுவும் சமைக்க வேண்டாம். மூன்று இட்லி, அல்லது இரண்டு தோசை, அல்லது மோர் விட்டுக் கரைத்த ஒரு பெரிய டம்ளர் கேழ்வரகுக் கூழ் போதும். பழைய சோற்றில் தயிர் விட்டு ஒரு கைப்பிடி வேர்க்கடலையோடு கொடுத்தாலும் நல்ல சாப்பாடுதான். டீயும் இரண்டு பிஸ்கட்டும் காலை உணவாகாது. டீ பசியை அடக்கும், இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் குறைக்கும். எழுந்ததும் பிள்ளைக்குப் பசிக்காது, அரை மணி நேரமாவது ஆக வேண்டும். அதனால் 7.15க்கு எழுப்பினால் நடக்காது, 6.15க்கு எழுப்புங்கள். அதற்கு இரவு ஒன்பதரைக்குள் செல்போனை வாங்கி வைத்துவிட்டுப் படுக்க வைக்க வேண்டும். மறுநாள் கால அட்டவணையைப் பார்த்துப் பையை இரவிலேயே அடுக்கிவிட்டால் காலையில் கால் மணி நேரம் மிச்சம்.

விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் பெற்றோர் பலர் இருப்பது எங்களுக்குத் தெரியும். அவர்கள் டப்பாவில் கொடுத்தனுப்பலாம். தினமும் 9.00 முதல் 9.20 வரை சத்துணவுக் கூடம் திறந்திருக்கும், ஓர் ஆசிரியர் உடனிருப்பார். சட்னி, சாம்பார் வேண்டாம், பையில் கொட்டிப் புத்தகம் பாழாகிறது; பொடி தடவிய இட்லி வசதி.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். கையில் பத்து ரூபாயைத் திணித்து அனுப்புவது சாப்பாடு போட்டதாகாது. அது கேட்டுக்கு வெளியே பாக்கெட் வறுவலாகவும் கலர் ஐஸாகவும் போகிறது. இனி ஒரு பிள்ளை ஒரே மாதத்தில் மூன்று முறை சாப்பிடாமல் வந்தால் பெற்றோரை நேரில் அழைப்போம். காரணத்தைப் பிள்ளையிடம் கேட்டுச் சங்கடப்படுத்த மாட்டோம், உங்களிடம்தான் கேட்போம். வீட்டில் உண்மையிலேயே இயலாத நிலை என்றால் வகுப்பாசிரியரிடம் தனியே சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவோடு பேசி ஏற்பாடு செய்வோம், விஷயம் வெளியே போகாது.

தட்டில் வைத்தும் ‘வயிறு பிசையுது’ என்று ஒதுக்குகிற பிள்ளையைத் திட்டாதீர்கள். பெரிய பள்ளியின் பயமாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நன்றாகச் சாப்பிட்டுத் திங்கட்கிழமை மட்டும் மறுத்தால், அன்றைய பாடவேளை, பேருந்தில் உடன் வரும் பெரிய பிள்ளைகள், பக்கத்தில் உட்காருபவர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். தெரிந்ததை எங்களிடம் சொல்லுங்கள். இடம் மாற்றி உட்காரவைப்பது எங்களுக்கு ஐந்து நிமிட வேலை.

நான்கு மாதங்களாக அதிகாலையில் எழுந்து ஆக்கிப்போட்டு அனுப்பும் தாய்மார்களுக்கும், பேரப்பிள்ளைகளைப் பேருந்து நிறுத்தம் வரை கைப்பிடித்துக் கூட்டிவரும் தாத்தா பாட்டிகளுக்கும் பள்ளியின் மனமார்ந்த நன்றி. டப்பாவில் பெயர் எழுத மறக்காதீர்கள். உரியவர் தெரியாத ஏழு மூடிகள் அலுவலகத்தில் இருக்கின்றன.

அன்புடன்,
தலைமையாசிரியர்