அமர்வுகளைத் துண்டிக்கும் தானியங்கி விதிகளுக்கு நிதானம் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயனர்களின் கணினி அமர்வுகளை (ஒருவர் உள்நுழைந்தது முதல் வெளியேறும் வரையிலான இணைப்பை) தொடர்ந்து கண்காணித்து, சந்தேகத்திற்குரிய செயல் தென்பட்டவுடன் யாரையும் கேட்காமல் இணைப்பைத் துண்டித்துவிடும் தானியங்கி ஏற்பாடுகளைப் பாராட்டித் தங்கள் நாளிதழில் அண்மையில் ஒரு கட்டுரை வெளிவந்தது. சர்வர்களையும் பயனர் கணக்குகளையும் நிர்வகிக்கும் பணியில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில், அக்கட்டுரை சொல்லாமல் விட்ட பகுதியைக் குறித்துச் சில கருத்துகளைத் தெரிவிக்க விரும்புகிறேன். கண்காணிப்பிலோ தானியங்கி நடவடிக்கையிலோ எனக்கு ஆட்சேபம் கிடையாது. எந்த அறிகுறிக்கு எவ்வளவு கடுமையான நடவடிக்கை என்று தீர்மானிப்பதில் காட்டப்படும் அவசரத்தைத்தான் குறை சொல்கிறேன்.

இத்தகைய ஏற்பாடு அவசியம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடவுச்சொல்லையும் ஓடிபியையும் சரிபார்த்து ஒருவரை உள்ளே விட்டபின் அவரைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்த காலம் முடிந்துவிட்டது. 2022 டிசம்பரில், மென்பொருள் உருவாக்குநர்களுக்குச் சேவை வழங்கும் சர்க்கிள்சிஐ நிறுவனப் பொறியாளர் ஒருவரின் மடிக்கணினியில் புகுந்த தீநிரல், இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஏற்கெனவே முடித்திருந்த அமர்வின் குக்கீயை, அதாவது ஏற்கெனவே உள்நுழைந்தவர் இவர் என்று காட்ட உலாவி வைத்திருக்கும் அடையாளச் சீட்டை, திருடிச் சென்றது. அதைக் கையில் வைத்திருந்தவர் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் அந்தப் பொறியாளராகவே உள்ளே நடமாட முடிந்தது. 2023-இல், உள்நுழைவுச் சேவை வழங்கும் ஆக்டா நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவி அமைப்புக்குள் நுழைந்தவர்கள், பழுது கண்டறிவதற்காக வாடிக்கையாளர்கள் அனுப்பியிருந்த உலாவிப் பதிவுக் கோப்புகளிலிருந்து அதே வகைச் சீட்டுகளான அமர்வு டோக்கன்களை எடுத்துப் பயன்படுத்தினார்கள். இவ்வகைத் திருட்டை உள்நுழைவுப் பக்கத்தில் தடுக்க இயலாது. உள்ளே வந்தபின் அந்த அமர்வு என்ன செய்கிறது, எந்தக் கருவியிலிருந்து செய்கிறது, வழக்கத்தைவிட எவ்வளவு தரவை இறக்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால்தான் பிடிபடும். நள்ளிரவில் பல்லாயிரம் அமர்வுகளை மனிதர்கள் உட்கார்ந்து பார்க்க முடியாது என்பதால், ஓரளவு பொறுப்பை இயந்திரத்திடம் ஒப்படைத்தே ஆக வேண்டும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கண்காணிப்புக் கருவிகள் செய்யக்கூடிய நடவடிக்கைகள் பல படிகளில் உள்ளன: பொறுப்பாளருக்கு அலர்ட் மட்டும் அனுப்பலாம், பயனரிடம் மீண்டும் ஒருமுறை அடையாளச் சரிபார்ப்பு கேட்கலாம், அமர்வை இடைநிறுத்தி வைக்கலாம், அடியோடு துண்டிக்கலாம், கணக்கையே முடக்கலாம், அதன் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். இத்தனை படிகள் இருந்தும், நடைமுறையில் முதல் படியையோ கடைசிப் படியையோதான் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். அலர்ட் மட்டும் அனுப்பினால் அஞ்சல் பெட்டி நிரம்பி யாரும் திறந்து பார்ப்பதில்லை. அதில் சலித்துப்போனவர்கள் அடுத்த வாரமே எல்லாவற்றையும் துண்டிக்கச் சொல்லி விதி எழுதிவிடுகிறார்கள்.

நிர்வாக உரிமை கொண்ட அமர்வுகளில் இதன் விளைவு எப்படி இருக்கும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு சர்வரில் கோப்புகளைக் கூண்டோடு அழிக்கும் கட்டளையை யாராவது தட்டினால் அந்த அமர்வைத் துண்டிக்க வேண்டும் என்று ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது மிகவும் பரவலாக எழுதப்படும் விதி. பழைய தற்காலிகக் கோப்புகளால் டிஸ்க் நிரம்பி, சேவை நின்றுவிடும் நிலையில் அவற்றை நீக்க உள்ளே வரும் அட்மின் அதே கட்டளையைத்தான் தட்டுவார். அடுத்த நொடியில் திரை அணைகிறது. மறுபடி நுழைய முயன்றால் கணக்கும் முடக்கப்பட்டிருக்கிறது. டிஸ்க் நிரம்பியபடியே இருக்க, சேவையும் விழுகிறது. திருட்டுத்தனமாக நுழைந்தவரோ அதே கட்டளையை ஏதோ ஒரு பெயரிட்ட ஸ்கிரிப்ட் கோப்புக்குள் எழுதிவைத்து அந்தக் கோப்பை இயக்குவார். விசைப்பலகையில் தட்டப்பட்ட எழுத்துகளை மட்டும் பார்க்கும் விதிக்கு அதில் தவறாக ஒன்றும் தெரியாது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியும் பூச்சி தப்பித்துக்கொண்ட கதைதான் இது.

துண்டிப்பதால் கிடைக்கும் நிம்மதியும் பல வேளைகளில் பொய்யானது. அமர்வு முடிந்தாலும் தொடர்ந்து ஓடும்படி பின்னணியில் விடப்பட்ட பணிகள் ஓடிக்கொண்டே இருக்கும். நேர அட்டவணையில் செருகப்பட்ட பணி குறித்த நேரத்தில் கிளம்பும். அனுமதிப் பட்டியலில் சேர்க்கப்பட்ட புதிய மின்னணுச் சாவியைக் கொண்டு, கடவுச்சொல்லே இல்லாமல் மீண்டும் நுழையலாம். ஆகவே, உண்மையிலேயே ஆபத்தான ஒருவரைத் துண்டிப்பதென்றால், அவர் விட்டுச் சென்றவற்றைத் தேடி அகற்றும் வேலையும் அதே விதியின் தொடர்ச்சியாக அமைய வேண்டும். அதைச் செய்யாமல் கண்காணிப்புப் பலகையில் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுத் தூங்கப்போவது, தாக்குபவருக்கு நாமே தரும் கால அவகாசம்.

இதனால்தான், நிர்வாக அமர்வுகளைப் பொறுத்தவரை இடைநிறுத்தமே முதல் நடவடிக்கையாக இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன். விசைத் தட்டல்கள் உள்ளே செல்லாமல் உறைந்து நிற்கும். அதுவரை ஓடிய பணி அதன் போக்கில் ஓடும். மேற்பார்வையாளர் பதிவைப் பார்த்து ஓரிரு நிமிடங்களில் விடுவிக்கவோ முடிக்கவோ செய்யலாம். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையைப் பூட்டிவைத்துக்கொண்டு மாற்றம் செய்துகொண்டிருக்கும் அமர்வை இடைநிறுத்தினால் அந்தப் பூட்டும் அப்படியே நிற்கும்; அதற்காகக் காத்திருக்கும் மற்றவர்களின் பணிகள் வரிசையாகத் தேங்கும். எனவே இடைநிறுத்தத்திற்குக் காலவரம்பு வேண்டும். வரம்பு முடியும்போது என்ன செய்வது என்பதையும் ஒவ்வொரு சர்வரின் தன்மைக்கேற்ப முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும்.

சாதாரணப் பயனர்களின் கணக்குகளுக்கு வருகிறேன். மூன்று முறை தவறான கடவுச்சொல் இட்டால் கணக்கு முடங்கும் என்ற விதியைப் பாதுகாப்பின் அடையாளமாகவே பலர் கருதுகிறார்கள். உண்மையில், அது எவரும் எவருடைய கணக்கையும் முடக்கப் பயன்படுத்தக்கூடிய ஆயுதம். பயனர் பெயர் தெரிந்தால் போதும், மூன்று முறை எதையாவது தட்டினால் வேலை முடிந்தது. கெட்ட எண்ணம் இல்லாமலே இது நடப்பதும் உண்டு. கடவுச்சொல்லை மாற்றியவர் கைபேசியின் அஞ்சல் செயலியில் அதை மாற்ற மறந்துவிட்டால், அந்தச் செயலி பழைய கடவுச்சொல்லைக் கொண்டு ஓயாமல் கதவைத் தட்டும். உதவிப் பிரிவினர் கணக்கைத் திறந்துவிட்ட சில நிமிடங்களில் அது மீண்டும் முடங்கும். பயனரோ தாம் எதுவுமே செய்யவில்லை என்று சத்தியம் செய்வார். அவர் சொல்வதும் உண்மையே.

இவ்விஷயத்தில் தர நிர்ணய ஆவணங்கள் நம்மவர்கள் நினைப்பதைவிடத் தாராளமானவை. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணயத் தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட அடையாளச் சரிபார்ப்பு வழிகாட்டி, ஒரு கணக்கில் தொடர்ச்சியான தவறான முயற்சிகளுக்கு 100 என்பதை உச்சவரம்பாக வைத்தது; ஒவ்வொரு தவறுக்குப் பின்னும் காத்திருக்கும் நேரத்தை 30 நொடியிலிருந்து ஒரு மணி நேரம் வரை படிப்படியாகக் கூட்டலாம் என்றும் அது சொன்னது. பணம் செலுத்தும் அட்டைகளுக்கான பிசிஐ தரநிலையின் நான்காம் பதிப்பு, 10 முயற்சிகளுக்கு மிகாமல் முடக்க வேண்டும் என்றும், அந்த முடக்கம் குறைந்தது 30 நிமிடமோ பயனரின் அடையாளம் உறுதியாகும் வரையிலோ நீடிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அட்டை விவரங்களைக் கையாளும் இடத்திலேயே 10 வரை இடமுண்டு என்னும்போது, உள் அஞ்சலுக்கும் விடுப்பு விண்ணப்பத்திற்கும் மூன்றே வாய்ப்பு என்பது எந்தக் கணக்கில் சேரும் என்று புரியவில்லை.

இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியை வைத்துத் தடுப்பதும் இதே போன்றதே. ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகள் போதாததால், கைபேசி நிறுவனங்கள் ஏராளமான சந்தாதாரர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் வைத்திருக்கின்றன. இதற்கென்றே 2012-இல் சுமார் 42 லட்சம் முகவரிகள் கொண்ட தனித் தொகுதி ஒதுக்கப்பட்டது. ஒருவர் செய்த குறும்புக்காக அந்தப் பொது முகவரியைத் தடுத்தால், அவருடன் அதைப் பகிர்ந்துகொள்ளும் முன்பின் தெரியாத அத்தனை பேரும் வெளியே நிற்க வேண்டியதுதான். அரை மணி நேரத்தில் இரண்டு கண்டங்களிலிருந்து ஒரே பயனர் நுழைந்தார் என்று கருவி அலறும்போது, பெரும்பாலும் அவர் தம் இணைப்பை வேறிடத்திலிருந்து வருவதாகக் காட்டும் விபிஎன் ஒன்றை இயக்கியிருப்பார். லினக்ஸ் சர்வர்களில் பரவலாக உள்ள ஃபெயில்டுபேன் என்ற தடுப்புக் கருவி இதில் பாராட்டுக்குரியது: அதன் இயல்பு அமைப்பில், 10 நிமிடத்திற்குள் ஐந்து முறை தோற்ற முகவரி 10 நிமிடம் தடுக்கப்படும், பிறகு தடை தானாகவே நீங்கும். தானாகப் போட்ட தடை தானாக விலக வேண்டும் என்ற இந்த எளிய பண்பு, பெரும் விலை கொடுத்து வாங்கும் பல கருவிகளின் விதிகளில் இல்லை.

செயலற்ற அமர்வை முடித்துவைக்கும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆபத்து மிகுந்த செயலிகளுக்கு 2 முதல் 5 நிமிடம், ஆபத்து குறைந்தவற்றுக்கு 15 முதல் 30 நிமிடம் என்பது இணையச் செயலிகளின் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு குறிப்பிடும் வழக்கமான அளவு. இதை அப்படியே எடுத்துக்கொள்பவர்கள், வலைத்தளங்களை எல்லோரும் அணுகும்படி அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டியைப் பெரும்பாலும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நேரம் முடியும் முன் எச்சரித்து, ஓர் எளிய செயலால் அதை நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 நொடி அவகாசம் தர வேண்டும் என்பது அது காட்டும் வழிகளுள் ஒன்று. திரைவாசிப்பான் உதவியுடன் நீண்ட படிவத்தை நிரப்பும் பார்வையற்ற ஒருவர், அடுத்த கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே வெளியேற்றப்பட்டு, மீண்டும் முதல் வரியிலிருந்து தொடங்குவதை எந்தப் பாதுகாப்புக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது. எழுதியதைச் சேமித்துவைத்துவிட்டு வெளியேற்றுவதற்கு என்ன தடை?

வெளியேற்றியதாக நிறுவனம் நம்பிக்கொண்டிருந்தும், வெளியேறாத அமர்வுகளும் உண்டு. சர்வரைக் கேட்காமல் தன்னளவிலேயே செல்லுபடியாகும் டோக்கன்களைப் பயன்படுத்தும் செயலிகளில், நிர்வாகி துண்டிப்புப் பொத்தானை அழுத்திய பின்னும் அந்த டோக்கன் காலாவதியாகும் வரை வேலை செய்யும். அதன் ஆயுள் ஒரு நாள் என்று வைத்திருந்தால், திருடியவருக்கும் ஒரு நாள் கிடைக்கிறது. டோக்கனின் ஆயுளைச் சில நிமிடங்களாகக் குறைத்து, புதுப்பிக்கும் உரிமையைச் சர்வரின் கையில் வைத்துக்கொண்டால்தான், துண்டிப்பு என்ற சொல் அந்தச் செயலியில் பொருள்படும். விதிகளை எழுதுவதற்கு முன் சரிசெய்ய வேண்டிய அடித்தளம் இது.

விதியை நடைமுறைக்குக் கொண்டுவரும் முறையில் நான் பெரிதும் நம்புவது ஒன்றுதான்: எந்தப் புதிய விதியும் சில வாரங்களுக்குப் பதிவு மட்டும் செய்யும் நிலையில் ஓட வேண்டும். யாரையும் தொடாமல், இன்று இந்த விதி அமலில் இருந்திருந்தால் யார் யார் துண்டிக்கப்பட்டிருப்பார்கள் என்ற பட்டியலை அது தரும். அந்தப் பட்டியலில் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் பிரிவினரும், இரவில் காப்புநகல் எடுக்கும் இயந்திரக் கணக்குகளும் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தால், விதியை எழுதியவரே அதைத் திருத்திவிடுவார். மாதக் கடைசி வராத இரண்டு வாரங்களை மட்டும் பார்த்துவிட்டு அமல்படுத்துவதில் பயனில்லை. அமலுக்கு வந்த பின்னும், சில நிமிடங்களுக்குள் வழக்கத்துக்கு மாறான எண்ணிக்கையில் அமர்வுகள் துண்டிக்கப்பட்டால் விதி தானே நின்று மனிதரை அழைக்க வேண்டும். அவசரத்திற்கென்று வைக்கப்பட்ட நிர்வாகக் கணக்கை எந்த விதியும் முடக்காமல், அது பயன்படுத்தப்பட்டதை மட்டும் உரக்க அறிவிக்க வேண்டும்.

அமர்வுகளைப் பதிவு செய்வதில் இன்னொரு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. திரையையும் விசைத் தட்டல்களையும் பதிவு செய்தால் கடவுச்சொற்களும் சொந்த விவரங்களும் அதில் சேர்ந்துவிடும். அந்தப் பதிவை யார் பார்த்தார்கள் என்பதற்கும் ஒரு பதிவு இருந்தாக வேண்டும்.

பாதிக்கப்பட்டவருக்கு என்ன சொல்லப்படுகிறது என்பதே இவற்றில் மிக அலட்சியமாக விடப்பட்ட பகுதி. தவறு நேர்ந்துவிட்டது, பிறகு முயலவும் என்று மட்டும் காட்டும் திரை, நல்லவரைக் குழப்புமே தவிரத் திருடரைத் தடுக்காது. எந்த வகை விதியின்படி, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரத்திற்கு அமர்வு நிறுத்தப்பட்டது, யாரிடம் முறையிடலாம் என்ற விவரங்களை, விதியின் நுணுக்கத்தைத் திருடருக்குக் கற்றுக்கொடுக்காமலே தெரிவிக்க முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 22-ஆம் பிரிவு, ஒருவரைப் பெரிதும் பாதிக்கும் முடிவுகளை முழுக்க இயந்திரமே எடுப்பதற்கு வரம்பு வகுத்திருக்கிறது. சில நிமிட இடைநிறுத்தம் அந்த வரம்புக்குள் வராது என்றே வைத்துக்கொள்ளலாம். ஒருவரின் பிழைப்பு முழுவதும் சார்ந்திருக்கும் கணக்கை நிரந்தரமாக மூடுவதை அப்படித் தள்ளிவிட முடியாது.

ஆகவே, இத்தகைய கருவிகளைப் பற்றித் தங்கள் நாளிதழ் அடுத்து எழுதும்போது, எத்தனை தாக்குதல்களைத் தடுத்தீர்கள் என்று மட்டும் நிறுவனங்களைக் கேட்காமல், தவறாகத் துண்டிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களுள் எத்தனை பேருக்கு எவ்வளவு நேரத்தில் கணக்கு திரும்பக் கிடைத்தது, அந்த விதிக்குப் பொறுப்பேற்கும் அலுவலர் எந்தப் பதவியில் இருக்கிறார் என்பவற்றையும் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
கணினி அமைப்பு நிர்வாகி