துறைமுகத்தில் சில மணி நேரம், விசாவில் ஒரு நுழைவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சொகுசுக் கப்பல் சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். அறை வகைகள், சாப்பாடு, கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கான யோசனைகள் என்று எல்லாம் விவரமாக இருந்தன. விசாவுக்கு மட்டும் ஒரே ஒரு வரி. கப்பல் சில மணி நேரமே நிற்கும் துறைமுகங்களில் பொதுவாக விசா கேட்க மாட்டார்கள் என்று போகிற போக்கில் சொல்லியிருந்தார் கட்டுரையாளர். பயண முகவர் அலுவலகத்தில் விசா விண்ணப்பங்களோடு மல்லுக்கட்டியவன் என்பதால் அந்த வரியைச் சும்மா விட மனம் வரவில்லை.

அவர் சொன்னதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சர்வதேசக் கடல் போக்குவரத்தை எளிதாக்குவதற்கென்று 1965-ல் ஓர் உடன்படிக்கை உருவானது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் கீழ் வரும் இதில் 120-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. சுற்றுலாக் கப்பல் ஒரு துறைமுகத்தில் 72 மணி நேரத்துக்குக் குறைவாக நின்றால் பயணிகளிடம் விசா கேட்க வேண்டியதில்லை என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஆனால் சிறப்புச் சூழல்களுக்கு விதிவிலக்கு உண்டு, எது சிறப்புச் சூழல் என்பதை அந்தந்த நாட்டு அதிகாரிகளே முடிவு செய்துகொள்ளலாம். எங்கள் நடைமுறை வேறு என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவும் அதே உடன்படிக்கை வழி விடுகிறது. கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சாவியையும் அவர்கள் கையிலேயே கொடுத்தது போல.

அதனால் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி. ஜப்பான், குறிப்பிட்ட சுற்றுலாக் கப்பல்களில் வருகிறவர்களுக்கு 2015 முதல் விசா இல்லாமலே கரையிறங்கும் அனுமதி தருகிறது. துருக்கியில், வந்த கப்பலிலேயே திரும்புகிறவர்கள் 72 மணி நேரத்துக்குள் துறைமுக நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் பார்த்துவிட்டு வரலாம். ரஷ்யாவும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போன்ற துறைமுகங்களில் அதே 72 மணி நேரத்தைத் தந்தது, ஆனால் உரிமம் பெற்ற சுற்றுலா நிறுவனத்தின் குழுவோடுதான் போக வேண்டும். தனியாகக் காலாற நடந்து வர ஆசைப்பட்டால் முறைப்படி விசா வாங்க வேண்டியதுதான். சீனா 2024 மே மாதத்தில் கடலோர மாகாணங்களுக்கெல்லாம் விரிவுபடுத்திய 15 நாள் சலுகையும் கப்பலில் குழுவாக வருகிறவர்களுக்குத்தான். சலுகை என்ற சொல் எல்லா இடத்திலும் இருக்கிறது, கூடவே ஒரு நிபந்தனையும் இருக்கிறது. பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு அந்த ஊரிலிருந்தே விமானம் ஏறுகிறவருக்கு இந்தச் சலுகைகளை நம்பிப் பயனில்லை.

அமெரிக்கா இந்தப் பேச்சுக்கே வருவதில்லை. விசா தேவைப்படும் நாட்டவர் என்றால், ஒரு பகல் நின்று போகும் கப்பலில் இருந்தாலும் செல்லத்தக்க விசா கையில் இருக்க வேண்டும். அங்கிருந்தே கிளம்புகிற பயணங்களில் இன்னொரு சிக்கல். 1886-ல் வந்த பழைய சட்டம் ஒன்று, வெளிநாட்டுக் கொடி பறக்கும், அதாவது வேறு நாட்டில் பதிவான, கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றி இறக்குவதைத் தடுக்கிறது. பெரிய சுற்றுலாக் கப்பல்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுக் கொடியில் ஓடுகிறவை. ஆகவே சியாட்டிலில் கிளம்பி அலாஸ்காவைச் சுற்றிவிட்டு அங்கேயே திரும்பும் கப்பல், சட்டத்துக்காக வழியில் கனடாவின் விக்டோரியாவைத் தொட்டுவிட்டு வரும். பல நேரங்களில் அது சில மணி நேர மாலை நிறுத்தம்தான். அலாஸ்கா பார்க்கத்தானே போகிறோம் என்று நினைத்தவர் கனடா விசாவுக்கும் ஓட வேண்டும். போதாததற்கு, கனடாவுக்குப் போய்விட்டுத் திரும்ப நுழைவதற்கு அமெரிக்க விதிகள் இடம் கொடுக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பாவுக்கு வருவோம். நான் பார்த்தவரை பலரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். பல ஐரோப்பிய நாடுகளுக்குச் சேர்த்து ஒன்றாகத் தரும் ஷெங்கன் விசாவில் எத்தனை நாள் என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். அதே ஸ்டிக்கரில் எத்தனை முறை நுழையலாம் என்று இன்னொரு கட்டம் இருக்கிறது: 01, 02, அல்லது பலமுறை என்பதற்கு மல்ட். பார்சிலோனா, மார்செய், ஜெனோவா, நேப்பிள்ஸ் என்று போகிற கப்பலுக்கு ஒரு நுழைவு போதும், எல்லாமே ஷெங்கன் எல்லைக்குள் இருக்கின்றன. நடுவில் மாண்டினீக்ரோவின் கோட்டோரையோ இஸ்தான்புல்லையோ சேர்த்துவிட்டால், அங்கிருந்து மறுபடி கிரீஸுக்கோ இத்தாலிக்கோ வருவது இரண்டாவது நுழைவு. கையில் இருப்பது 01 என்றால் அவ்வளவுதான். வரைபடத்தைப் பார்த்தும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஆனால் ஷெங்கனில் இல்லை. நார்வே ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. குரோஷியா 2023-ல்தான் உள்ளே வந்தது, அதற்கு முந்தைய பயணக் குறிப்புகளை நம்பி அங்குள்ள டுப்ரோவ்னிக் துறைமுகத்துக்கு நுழைவுக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

இருப்பதிலேயே வேடிக்கை ஸ்வால்பார்ட். வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த நார்வே தீவுகளுக்குப் போக யாருக்குமே விசா தேவையில்லை. ஆனால் அது ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. நார்வே வழியாகப் போய் நார்வே வழியாகத் திரும்பினால் இரண்டு நுழைவு செலவாகிறது. விசா கேட்காத ஊருக்குப் போனதால் விசா தீர்ந்துபோகிற கதை! கிரீன்லாந்து இதற்கு நேர்மாறு. டென்மார்க்கின் ஆளுகைப் பகுதிதான் என்றாலும் சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது, கிரீன்லாந்துக்கும் செல்லும் என்று தனியாகக் குறிப்பிட்டு வாங்க வேண்டும். ஐஸ்லாந்தில் ஏறி அந்தப் பக்கம் போகிற கப்பல்கள் நிறையவே இருக்கின்றன.

சரி, அந்த ஒரு ஊரில் மட்டும் இறங்காமல் கப்பலிலேயே இருந்துகொள்கிறேன் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் பல நிறுவனங்கள் ஒப்புக்கொள்வதில்லை. திடீரென்று நெஞ்சுவலி வந்தாலோ கப்பலில் கோளாறு என்றாலோ பயணியை அந்த மண்ணில்தான் இறக்கியாக வேண்டும். தவிர, சரியான ஆவணம் இல்லாதவரைக் கொண்டுவந்து சேர்த்தால் பல நாடுகள் கப்பல் நிறுவனத்துக்கு அபராதம் போடுகின்றன. அமெரிக்காவிலோ இறங்குகிறவர், இறங்காதவர் எல்லோரையும் குடிவரவு அதிகாரிகள் பரிசோதிப்பார்கள். ஆகவே பயணம் தொடங்குகிற துறைமுகத்திலேயே எல்லா ஊர்களுக்கும் சேர்த்துச் சரிபார்த்து, ஒன்று குறைந்தாலும் ஏற்ற மறுத்துவிடலாம்.

இது தனி ஒருவரின் கஷ்டம் என்றும் நினைக்க வேண்டாம். 2024 ஏப்ரல் தொடக்கத்தில் எம்.எஸ்.சி. அர்மோனியா என்ற கப்பல் பார்சிலோனாவில் கட்டிப்போட்டது போல நின்றது. பிரேசிலில் ஏறி வந்த 69 பொலிவிய நாட்டவரின் ஷெங்கன் விசா செல்லாது என்று ஸ்பெயின் அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அவர்களை வேறொரு கப்பலுக்கு மாற்றும்வரை, ஆவணங்கள் சரியாக வைத்திருந்த மற்றப் பயணிகளும் காத்துக் கிடந்தார்கள்.

இத்தனைக்கும் பயணச்சீட்டின் பொடி எழுத்தில் இருப்பது, ஆவணங்கள் அனைத்தும் பயணியின் பொறுப்பு என்ற ஒரு வாக்கியம். எனக்கு ஒப்பாதது இதுதான். எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணி நேரம், எந்த வரிசையில் என்று முடிவு செய்வது நிறுவனம். ஒவ்வொரு நாட்டு விதியும் அவர்களுக்கு அத்துப்படி, இல்லாவிட்டால் ஏறுகிற இடத்தில் எப்படிச் சரிபார்க்கிறார்கள்? அதையே முன்பணம் வாங்குவதற்கு முன் சொல்ல என்ன தடை? பயணியின் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேட்டு, இந்த வழித்தடத்துக்கு இன்னின்ன விசா, இத்தனை நுழைவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். பாதி வழியில் துறைமுகத்தை மாற்றுகிற உரிமையையும் ஒப்பந்தத்தில் தங்களிடமே வைத்துக்கொள்கிறார்கள். அப்படி மாற்றியதால் கூடுதல் விசா தேவைப்பட்டால் அந்தச் செலவையாவது அவர்கள் ஏற்க வேண்டும்.

அப்புறம், கால அளவு. கப்பல் பயணங்களை ஒரு வருடத்துக்கு மேல் முன்னதாகவே விற்கிறார்கள். ஷெங்கன் விசாவுக்கோ பயணத்துக்கு 6 மாதம் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும். முடிவு சாதாரணமாக 15 நாளில் வரும், சில நேரம் 45 நாள் வரை இழுக்கும். இறுதித் தவணையோ பெரும்பாலும் கிளம்புவதற்கு இரண்டு, மூன்று மாதங்களுக்கு முன்பே கட்ட வேண்டியிருக்கும், அதன் பிறகு ரத்து செய்தால் கணிசமான தொகை போய்விடும். ஆகவே முன்பதிவு செய்கிறவர்கள் இறுதித் தவணைத் தேதியை முதலில் கேட்டுக்கொண்டு, அதற்கு முன் விசா முடிவு கைக்கு வரும்படி விண்ணப்பத் தேதியைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்