காட்டாமணக்குக் கொட்டையைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைமருத்துவப் பகுதியில் காட்டாமணக்கைப் பற்றிப் படித்தேன். அதில் சொன்னதெல்லாம் சரிதான். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் இன்றைக்கும் ஈறில் ரத்தம் கசிந்தால் அதன் இளங்குச்சியை ஒடித்துத்தான் பல் துலக்குகிறோம், அரிவாள் பட்ட விரலில் அதன் பாலைத் தடவுகிறோம், பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கவில்லையென்றால் அப்பத்தா இலையை வதக்கி இளஞ்சூட்டில் மார்பில் கட்டிவிடுவார். ஆனால் கொட்டை விஷம் என்று ஒரு வரிகூட இல்லையே.

போன காலாண்டு விடுமுறையில் என் அக்கா மகன், எட்டு வயது, கூட்டாளிகளோடு வேலியோரம் புல்லை வளையமாக முடிந்து காட்டாமணக்குப் பாலில் தோய்த்துக் குமிழி ஊதிக்கொண்டிருந்தான். சின்ன வயதில் நாங்களும் ஊதியதுதான், அதனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் காய்ந்த காயை உடைத்திருக்கிறார்கள். உள்ளே கறுப்பாக மூன்று கொட்டை, தோட்டை உரித்தால் வெள்ளைப் பருப்பு. "கடலை மாதிரி இனிச்சுச்சு மாமா" என்றான். கொஞ்ச நேரத்தில் வாந்தி, பிறகு தண்ணீராகப் பேதி, கண்ணெல்லாம் குழி விழுந்துவிட்டது. 108-ஐக் கூப்பிட்டு மருத்துவமனையில் சேர்த்து, இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிய பிறகே எழுந்து உட்கார்ந்தான். இதற்கென்று முறிவு மருந்து கிடையாதாம், உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியமாம்.

வறுத்தால் விஷம் போய்விடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கொட்டையில் உள்ள கர்சின் என்ற புரதம் சூட்டில் கெடும், போர்பால் எஸ்டர் என்ற நஞ்சு வறுத்தாலும் போகாது. வயிறு கழியக் கொடுக்கிறேன் என்று ஆமணக்கெண்ணெய்க்குப் பதில் இதை இடித்துக் கொடுத்தாலும் ஆபத்துதான். ஆடு வாய் வைக்காது என்றுதானே இதை வேலிக்கு நடுகிறோம்! 2003-இல் மத்திய அரசின் திட்டக் குழு, கொட்டை எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுக்க இதைப் பரிந்துரைத்த பிறகு தரிசுகளிலும் நட்டார்கள், எங்கள் பக்கம் அதெல்லாம் பறிக்க ஆளில்லாமல் காய்த்துக் கிடக்கிறது.

செடியை வேரோடு அழிக்கச் சொல்லவில்லை. அடுத்த வாரம் அதே பகுதியில், அதே அளவு எழுத்தில், காயின் படத்தோடு, கொட்டையைத் தின்னக் கூடாது என்று போடுங்கள். பள்ளிக்கூடம், அங்கன்வாடி வேலிகளில் மட்டுமாவது காய் பிடிக்கும் முன்பே இதை வெட்டிவிட ஊராட்சிகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.