வித்தைக்காரர் வாய்திறந்து பேசட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் மேஜிக் கலை குறித்து வெளிவந்த கட்டுரையில், இக்கலைக்கு மொழியே தேவையில்லை என்றும், வெளிநாட்டு விருந்தினர் முன் பின்னணி இசையோடு மௌனமாகச் செய்தாலே போதும் என்றும் கூறப்பட்டிருந்தது. மேடையில் புறாக்களை வரவழைப்பவருக்கு இந்த யோசனை பொருந்தலாம். ஆனால் மேசையருகே நின்று, விருந்தினரின் உள்ளங்கையிலேயே நாணயத்தை வைத்து மறையச் செய்யும் குளோசப் மேஜிக்குக்கு இது பொருந்தாது. திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதி உணவு விடுதிகளில் கொரிய, ஜப்பானியப் பொறியாளர்கள் முன் பல ஆண்டுகளாக வித்தை செய்துவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஒரு முழத் தொலைவில் நிற்பவன் வாய்திறக்காமல் இருந்தால், எதிரில் இருப்பவரின் கண் அவனது கையைவிட்டு அகலாது. அவன் ஒரு கேள்வி கேட்டால் அவர் நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பார். அந்த ஒரு நொடியில்தான் கை தன் வேலையை முடித்துக்கொள்கிறது. கேள்வியின் பொருள் அவருக்குப் புரிய வேண்டியதில்லை, அது கேள்வி என்று குரலிலிருந்து தெரிந்தால் போதும். நான் தமிழில்தான் கேட்கிறேன். அவர்கள் கொரிய மொழியில் பதில் சொல்கிறார்கள்.

1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின், போர்ட் சையது துறைமுகத்தில் கப்பல்களில் ஏறி வித்தை காட்டிய எகிப்தியர்களை இங்கே குறிப்பிட வேண்டும். கிண்ணங்களுக்கு அடியிலிருந்தும் பயணிகளின் சட்டைக்குள்ளிருந்தும் உயிருள்ள கோழிக்குஞ்சுகளை எடுத்துக் காட்டிய அவர்கள், ‘கலி கலி கலி’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்ததால், அந்த ஒலியே அவர்களுக்குப் பெயராகிவிட்டது. பல நாட்டுப் பயணிகள் நிறைந்த கப்பல் தளத்தில் எவருக்கும் பொருள் விளங்காத அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் பிழைத்தார்கள். கிண்ணத்தையும் பந்தையும் வைத்துச் செய்யும் இந்த வித்தைதான், செப்பு என்ற சிறு கிண்ணத்தின் பெயரால், நம்மிடம் செப்படி வித்தை எனப்படுகிறது. நம் தெருக்களில் அதைச் செய்தவர்களும் பேச்சை நிறுத்தியவர்கள் அல்லர்.

எனினும் எல்லாப் பேச்சையும் பொருளற்ற ஒலியாக விட்டுவிட முடியாது. 1856-இல் பிரெஞ்சு அரசு, உள்ளூர் மதத்தலைவர்களின் செல்வாக்கைக் குறைக்கும் நோக்கத்துடன், ராபர்ட் ஊதேன் என்ற புகழ்பெற்ற வித்தைக்காரரைத் தன் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் தலைநகர் அல்ஜியர்சுக்கு அனுப்பியது. ஆதிக்கத்துக்கு வித்தை அடியாளாகப் போன கதை அது. அதைப் புகழ எனக்கு மனமில்லை. ஆயினும் தொழில் நுணுக்கத்தைக் கவனியுங்கள். மின்காந்தத்தால் பிடித்துவைக்கப்பட்ட ஒரு சிறு பெட்டியைத் தூக்க முடியாமல் வலிமை வாய்ந்த ஓர் அரபு இளைஞர் திணறினார். ‘உன் வலிமையை நான் பறித்துவிட்டேன்’ என்பது அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லப்படாமல் போயிருந்தால், அது வெறுமனே ஒட்டிக்கொண்ட பெட்டியாக மட்டுமே இருந்திருக்கும். எந்த ஒரு வாக்கியம் கட்டாயம் புரிய வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பதுதான் வேற்றுமொழியினர் முன் செய்வதில் கடினமான பகுதி.

நான் இதைப் பட்டுத்தான் அறிந்தேன். ஒரு ஜப்பானிய விருந்தினரிடம் சீட்டுக்கட்டிலிருந்து ஒன்றை எடுத்து நினைவில் வைக்குமாறு சைகை காட்டிவிட்டு, இறுதியில் ஒரு சீட்டை உயர்த்தி ‘இதுதானா?’ என்று கேட்டேன். அவர் ‘ஹாய்’ என்றார். ஆம் என்கிறார் என மகிழ்ந்து தலைவணங்கினேன். பக்கத்து இருக்கைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் ஜப்பானியர் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். அன்றுமுதல், சீட்டை மனத்தில் நினைக்கச் சொல்லும் வித்தைகளை அந்த மேசைகளில் செய்வதில்லை. சீட்டுக்கட்டும் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல: பிரெஞ்சுக் கட்டில் ராஜாவுக்கு ‘கே’ எழுத்து இராது, ‘ஆர்’ எழுத்துதான் இருக்கும், ஸ்பானியக் கட்டிலோ நம் ஆட்டினும் இஸ்பேடும் இல்லாமல், கோப்பையும் நாணயமும் வாளும் தடியும் இருக்கும்.

கொரியர்களிடம் வேறொரு சிக்கல். மரியாதை கருதி எதையும் அவர்கள் இரு கைகளாலும் வாங்குவார்கள். ஒரு கையை மூடிக்கொள்ள வேண்டிய நாணய வித்தை அங்கேயே கெட்டுவிடும். எனவே முதலில் என் ஒரு கையை மூடி நீட்டிக் காட்டுகிறேன், அவர்களும் அப்படியே நீட்டுகிறார்கள். நாம் சம்மதத்துக்குப் பக்கவாட்டில் ஆட்டும் தலையையும், அவர்கள் மறுப்பாகக் கொள்வதால், அடக்கிக்கொள்ளப் பழகினேன்.

விருந்து நிகழ்ச்சிகளை நடத்துவோர், வெளிநாட்டவர் வருகிறார்கள் என்றாலே ‘ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர் மட்டும்’ என்று நிபந்தனை விதித்து, நாற்பது ஆண்டுகள் செப்படி வித்தை செய்த மூத்தவர்களைத் திருப்பியனுப்புகிறார்கள். வந்திருப்பவர்களில் பலருக்கு அந்த ஆங்கிலமும் புரிவதில்லை என்பது வேறு விஷயம். அதற்குப் பதிலாக, விருந்தினருடன் வரும் மொழிபெயர்ப்பாளரிடம் நிகழ்ச்சிக்கு முன் வித்தைக்காரரை ஐந்து நிமிடம் பேசவிடுங்கள். நான் இரண்டு வாக்கியங்களைத்தான் மொழிபெயர்த்துத் தரச் சொல்வேன்: ‘உங்கள் நாணயத்தில் ஓர் அடையாளம் இடுங்கள்’, ‘நான் சொல்லும்வரை கையைத் திறக்காதீர்கள்’. ‘இப்போது திறங்கள்’ என்பதை நான் தமிழில் சொன்னதுமே திறந்துவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
குளோசப் மேஜிக் கலைஞர் ஒருவர்,
திருப்பெரும்புதூர்