அயோவா சிட்டியிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. ரசம் வைத்துக் குடித்துச் சமாளிக்கிறேன்.

வேறு வேறு லீக்கில் இருக்கும் எங்கள் அயோவா பல்கலைக்கழகமும் ஏம்ஸ் ஊரிலுள்ள அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகமும் அமெரிக்கக் கால்பந்தில் வருஷா வருஷம் எப்படி மோதுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். மண்டலப் போட்டிக்கெல்லாம் ஆட்ட அட்டவணை போட்டவர் நீங்கள், விவரமாகவே எழுதுகிறேன். சீசனுக்கு 12 ஆட்டம். இங்கே லீக்கைக் கான்ஃபரன்ஸ் என்பார்கள்; நாங்கள் இருக்கும் பிக் டென் கான்ஃபரன்ஸுக்குள் 9 போய்விடும், அதை அவர்களே போட்டுவிடுவார்கள். மிச்சம் 3-க்குப் பல்கலைக்கழகம்தான் எதிரணி தேடி ஒப்பந்தம் போட வேண்டும். அதில் ஒன்று அயோவா ஸ்டேட்டுக்கு.

9 ஒற்றைப்படை என்பதால் ஒரு வருஷம் உள்ளூரில் 5, மறுவருஷம் 4. ஆனால் எல்லா வருஷமும் உள்ளூரில் 7 நடந்தால்தான் டிக்கெட் வரும்படி கட்டுப்படியாகும். அதனால் 5 கிடைக்கிற வருஷம் நாங்கள் ஏம்ஸுக்குப் போகிறோம், 4 கிடைக்கிற வருஷம் அவர்கள் இங்கே வருகிறார்கள். 2024-இல் இங்கே, 2025-இல் அங்கே. பிக் 12-இல் இருக்கும் அவர்களுக்கும் 9 ஆட்டம்தான், வரிசை மட்டும் நேர்மாறு: எங்களுக்கு உள்ளூரில் 5 கிடைக்கிற வருஷம் அவர்களுக்கு 4. அதனால்தான் இரண்டு பக்கமும் பொருந்துகிறது. ஒரு கான்ஃபரன்ஸ் வரிசையை மாற்றினாலும் யாரோ ஒருவருக்கு உள்ளூர் ஆட்டம் ஒன்று குறைந்துவிடும்.

மற்ற இரண்டும் காசு கொடுத்துக் கூப்பிடுகிற ஆட்டங்கள். வந்து ஆடிவிட்டுத் தொகையை வாங்கிக்கொண்டு போவார்கள், பதிலுக்கு நாம் போக வேண்டியதில்லை. 2025-இல் ஆல்பனியும் மாசசூசெட்ஸும் வந்தன. ஆல்பனி மாதிரி கீழ்ப்பிரிவு அணியைப் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒன்றுக்கு மேல் கூப்பிடுவதில்லை. சீசன் முடிந்த பிறகு நடக்கும் பௌல் என்கிற கூடுதல் ஆட்டத்துக்குப் போக 6 வெற்றி வேண்டும், அதில் கீழ்ப்பிரிவை ஜெயித்தது ஒன்றுதான் கணக்கில் சேரும். அதற்காக அவர்களை இளப்பமாக நினைக்கவும் கூடாது. 2007-இல் மிச்சிகன் 4 லட்சம் டாலர் கொடுத்து அப்பலாச்சியன் ஸ்டேட்டைக் கூப்பிட்டு, சொந்த மைதானத்தில் 34-32 என்று தோற்றது.

ஒப்பந்தமெல்லாம் பல வருஷம் முன்னாலேயே கையெழுத்தாகிவிடும், பின்வாங்கினால் நஷ்டஈடு. அப்படியும் பழைய ஆட்டங்கள் நின்றுபோகின்றன. 2024-இல் ஓக்லஹோமா வேறு கான்ஃபரன்ஸுக்கு மாறியதும் ஓக்லஹோமா ஸ்டேட்டோடு நூறு வருஷத்துக்கு மேல் நடந்த ஆட்டம் நின்றுவிட்டது. எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது. எங்கள் அயோவா - அயோவா ஸ்டேட் ஆட்டமும் அப்படித்தான், 1934-க்குப் பிறகு நின்றதை 1977-இல்தான் மறுபடி தொடங்க முடிந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் கராஜ் சுவரில் வரப்போகும் வருஷங்களின் அட்டவணையை ஒட்டி வைத்திருக்கிறார். எல்லாம் பென்சிலில், அயோவா ஸ்டேட் ஆட்டம் மட்டும் பேனாவில். அவர் அண்ணன் ஏம்ஸ்காரர். செப்டம்பரில் அந்த ஒரு சனிக்கிழமை இவர் கறுப்பும் மஞ்சளும், அவர் சிவப்பும் போட்டுக்கொண்டு ஒரே காரில் கிளம்புகிறார்கள். அன்றைக்கு நம் அண்ணனோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட மாட்டோமா என்று இருந்தது, அப்பா. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இப்போது ஒன்றுமில்லை, அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

உள்ளூர் ஆட்டம் நடக்கிற சனிக்கிழமைகளில் ஸ்டேடியத்துத் தின்பண்டக் கடையில் நிற்கிறேன், பொழுது போகிறது. இந்த மாதப் பணம் இருபதாம் தேதிவாக்கில் வந்துவிடும். பெரிய மாமாவுக்கு வட்டியை அதற்கு முன்னால் கொடுக்க வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன்.

தங்கச்சி கல்யாணத்தைத் தையில் வைத்தால் எனக்கு வகுப்பு தொடங்கிவிடும். வைகாசி என்றால் செமஸ்டர் முடிந்திருக்கும், முழுசாக இருந்து வேலை பார்க்கலாம். மாப்பிள்ளை வீட்டில் கேட்டுப் பாருங்கள். தைதான் என்று பிடிவாதமாக இருந்தால் உடனே எழுதுங்கள், டிக்கெட் விலை ஏறுவதற்குள் எடுக்க வேண்டும். கிணற்று மோட்டாருக்கு இந்தத் தடவை சுருள் மட்டும் கட்டினால் போதும், புதுசு இப்போது வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்