ஆத்தங்குடிப் பட்டறையிலிருந்து: எங்கள் மாதிரிகளின் முடிவைக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய எக்ஸ் கதிர் ஆய்வு மைய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். அடுத்த மாதம் நடக்கவிருக்கும் தொழில்துறைச் சந்திப்புக்கு நீங்கள் அனுப்பிய அழைப்பிதழ் போன வாரம் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. அட்டையில் எங்கள் தரைக் கல்லின் படம். பச்சைத் தாமரை, நடுவில் சிவப்பு, ஒரு மூலையில் மட்டும் கோடு லேசாகக் கலங்கியிருக்கும். அந்தக் கலங்கல் எப்படி வந்தது என்று எங்களுக்குத் தெரியும். ஊற்றிய அண்ணனுக்கு அன்றைக்கு விரல் மடங்கவில்லை. படத்துக்குக் கீழே, சிங்க்ரோட்ரான் அறிவியல் சிறுதொழிலுக்குக் கைகொடுத்ததற்கு இது சான்று என்று அச்சடித்திருக்கிறீர்கள். எலக்ட்ரானை வளையத்தில் சுற்றவிட்டு எக்ஸ் கதிர் எடுக்கிற பெரிய இயந்திரத்தைத்தான் சிங்க்ரோட்ரான் என்கிறீர்கள். ஐயா, மாதிரி கொடுத்து 14 மாதம் ஆகிறது. முடிவு இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை.

பின்னணியெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. கேள்வியை மட்டும் நினைவுபடுத்துகிறேன். எங்கள் ஆட்களின் கையைப் புண்ணாக்குவது பச்சை நிறப் பொடியா, சிமெண்டா?

ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகிற கல் இல்லை. கண்ணாடிமேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமெண்டுக் கூழைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் தூவி, கலவை போட்டு அழுத்துகிறோம். அப்புறம் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் காயவைப்பது. எல்லாமே கைதான். கையுறை வாங்கிக் கொடுக்காமல் இல்லை. போட்டுக்கொண்டு ஊற்றினால் கரண்டி பிடிபடுவதில்லை, ஒரு நிறம் இன்னொன்றில் ஏறிவிடுகிறது. பத்துக் கல் வீணானதும் அவர்களே கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

நான் சொன்ன அண்ணன் முப்பது வருஷமாகப் பூ ஊற்றுகிறவர். விரல் நுனியெல்லாம் வெடித்து, தோல் தகடு தகடாக உரிந்து நிற்கிறது. காரைக்குடியில் தோல் டாக்டர் பார்த்துவிட்டு சிமெண்டு அலர்ஜி மாதிரி இருக்கிறது, வேலையை விடுங்கள் என்றார். விட்டால் என்ன சாப்பிடுவது? சாப்பாடு என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வைகாசியில் ஒரு கல்யாண வீட்டில் இலையில் உட்கார்ந்தவர், புளிக்குழம்பு பட்டால் எரிகிறது என்று ஸ்பூன் கேட்டார். மாசி மாதம் ரேஷன் கடையில் அவர் கைரேகையை மெஷின் எடுக்கவில்லை. கட்டைவிரலைத் துடைத்துவிட்டு வைத்தார், ஆள்காட்டி விரலை வைத்தார், இடது கையை வைத்தார். பின்னால் நின்ற வரிசை முழுக்க அவர் கையையே பார்த்தது. கடைசியில் மகளைக் கூட்டிக்கொண்டு போய் அவள் ரேகையை வைத்துத்தான் அரிசி வாங்கினார். “எனக்கு ரேகையே இல்லாமப் போச்சு தம்பி” என்று என்னிடம் வந்து சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை.

குரோமியம் விஷயத்தை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே உங்கள் மாணவர்தான். பச்சைப் பொடியில் குரோமியம் என்ற உலோகம் மூன்றாம் நிலையில் (நிலை என்பது அணு எத்தனை எலக்ட்ரானை விட்டிருக்கிறது என்ற கணக்கு) இருக்க வேண்டும், அதனால் தோலுக்குப் பெரிதாகத் தொந்தரவில்லை. ஆறாம் நிலைதான் அலர்ஜியைக் கிளப்புவது. அது மட்டமான பொடியில் கலந்திருக்கலாம். சிமெண்டிலும் இருக்கலாம், ஏனென்றால் சுண்ணாம்புக் கல்லிலும் களிமண்ணிலும் இருக்கிற துளி குரோமியம் சூளையின் சூட்டில் ஆறாம் நிலைக்குப் போய்விடும். எக்ஸ் கதிரின் ஆற்றலை 5989 எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தால், ஓர் இடத்தில் குரோமியம் கதிரைச் சட்டென்று உறிஞ்சத் தொடங்கும், அதுதான் விளிம்பு, ஆறாம் நிலை இருந்தால் அந்த விளிம்புக்கு முன்னாலேயே ஒரு கூர்மையான முகடு எழும் என்று என் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

தண்ணீரில் எவ்வளவு கரைகிறது என்று பார்க்க சாதாரண லேபே போதும். அங்கேயே கொடுத்திருப்போம். கல்லுக்குள்ளேயே எந்த அடுக்கில், எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம், கொஞ்சம் பொறுங்கள் என்று நீங்கள் சொன்னதால்தான் பொறுத்தோம். ஆறு மாதிரிகளை மாணவர் இந்தூருக்கு எடுத்துப் போனார். அங்கே 172.5 மீட்டர் சுற்றளவுள்ள இண்டஸ்-2 சிங்க்ரோட்ரான் வளையத்தில் நேரம் கிடைத்தது, அளந்தும் ஆகிவிட்டது. கட்டணம் எதுவும் நீங்கள் கேட்கவில்லை, அதற்கு மனப்பூர்வமான நன்றி. ஆனால் அந்த மாணவர் பட்டம் முடித்து வெளிநாடு போய்விட்டார். தரவு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது, பிரித்துப் பார்க்க ஆள் இல்லை. மூன்று முறை போன் செய்தும் இதே பதில்தான்.

ஆள் இல்லை என்றால் புது மாதிரி கேட்டு அழைப்பிதழ் அனுப்புவது எதற்கு, ஐயா? ஒப்பந்தம் கையெழுத்தான அன்றைக்கு சால்வை போட்டுப் படம் எடுத்தீர்கள். அந்த நாளோடு ஒத்துழைப்பு முடிந்துவிடுகிறதா? மருந்து கம்பெனியின் மாதிரி 14 மாதம் டிஸ்கில் கிடக்குமா? இந்த மண்ணுக்கு அறிவியல் புதிதல்ல. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் எடுத்துக் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆய்வுக்கூடம் என்ற சொல்லுக்கே எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. அதை நம்பித்தான் உங்கள் வாசலுக்கு வந்தோம்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: அந்த ஆறு மாதிரிகளின் முடிவு. ஒரு பக்கம் போதும், தமிழில். பொடியில் இருக்கிறது என்றால் நாளைக்கே பொடியை மாற்றிவிடுவேன். சிமெண்டில் இருக்கிறது என்றால், அதற்கும் வழி இருக்கிறது. நீரில் கரையும் ஆறாம் நிலைக் குரோமியம் சிமெண்டில் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் கூடாது என்று ஐரோப்பாவில் 2005-லிருந்து சட்டம். ஃபெரஸ் சல்ஃபேட் சேர்த்து அதை மூன்றாம் நிலைக்கு இறக்கிவிடுகிறார்கள். எதைச் செய்ய வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அது உங்கள் டிஸ்கில் இருக்கிறது. பிரித்துப் பார்க்க முடியாவிட்டால் தரவை அப்படியே கொடுங்கள், பார்த்துச் சொல்பவரை நாங்கள் தேடிக்கொள்கிறோம்.

சந்திப்புக்கு வருகிறேன். அண்ணனையும் அழைத்து வருகிறேன். அதற்குள் முடிவு கிடைத்தால், புது மாதிரி கொண்டுவரவும் தயார்.

இப்படிக்கு,
ஆத்தங்குடிக் கல் பட்டறைக்காரன் ஒருவன்